கையகல வானம்

அந்தக் கோட்டையை இதுவரை எந்தப் படையும் முற்றுகையிட்டதில்லை. முற்றுகை வரும் என்று எண்ணி அதைக் கட்டவும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஃபேர்மவுண்ட் அவென்யூவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு பழங்கோட்டைக்கு வேண்டியதெல்லாம் முறைப்படி இருக்கிறது. மூலைக்குக் கொத்தளம், பல்வரிசை போன்ற மதில்முடி, 30 அடி உயரக் கற்சுவர், அந்தச் சுவரில் அம்பு விடுவதற்கென்று கோட்டைகளில் வைப்பார்களே அந்த ஒடுங்கிய கீறல்கள். பீரங்கி வந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகு, 1820களில், ஒரு வணிக நகரத்தின் விளிம்பில் அம்புக் கீறல் எதற்கு? தெருவில் போகிறவன் பார்ப்பதற்கு. பார்த்து, உள்ளே என்ன நடக்கிறதோ என்று அவன் நெஞ்சு ஒரு கணம் குளிர்வதற்கு. கட்டச் சொன்னவர்களின் விருப்பமே அதுதான். ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி என்ற அந்தச் சிறையின் முகப்பு முழுக்க முழுக்க ஒரு மேடைத் திரை.

அதை வரைந்தவர் ஜான் ஹாவிலண்ட். இங்கிலாந்தில் பிறந்து 1816இல் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த கட்டடக் கலைஞர். கல்லைக் கொண்டு மனிதர்களை எப்படி அச்சுறுத்துவது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டவர்கள் குறைவு. அதனால்தான், அக்டோபர் மாத இரவுகளில் இந்தச் சிறைக்குள் பேய் வீடு நடத்துகிறார்கள் என்று என் தங்கை மகள் யாழினி சொன்னபோது எனக்கு முகம் சுளிக்கத் தோன்றவில்லை. மனிதர்கள் வதைபட்ட இடத்தில் கேளிக்கையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் முதல் எண்ணம் வேறு. இந்தக் கட்டடத்தில் அச்சக் கலை 1829லேயே அரங்கேறிவிட்டது. அக்டோபரில் நடப்பது அதன் இரண்டாவது ஆட்டம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

"ராத்திரி வந்தா போதாதா பெரியம்மா? பகல்ல என்ன இருக்கு?" என்றாள் யாழினி.

"வந்து பாரு" என்றேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

பகலில் அது அருங்காட்சியகம். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள். நடிகர் ஸ்டீவ் புஷெமியின் கரகரத்த குரல் கூடவே நடந்து வருகிறது. நுழைந்து, நடுக்கூடத்தில் போய் நின்றால் ஹாவிலண்டின் கணக்கு ஒரு சுழற்சியில் புரிந்துவிடும். கட்டை வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள். நாம் நிற்பது குடத்தில். ஏழு ஆரக்கால்கள் ஏழு நீண்ட கூடங்களாக ஓடுகின்றன. காவலன் ஒருவன் நின்ற இடத்தில் குதிகாலைத் திருப்பினாலே போதும், எல்லாக் கூடங்களும் கடைசிவரை கண்ணுக்குள் வந்துவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 300 சிறைகள் இந்தச் சக்கரத்தைப் பார்த்துக் கட்டப்பட்டன என்கிறார்கள். பின்னாளில் கைதிகள் பெருகப் பெருக, ஆரக்கால்களின் இடுக்குகளில் எல்லாம் புதுக் கூடங்களைச் செருகி அந்தச் சக்கரத்தின் அழகைக் கெடுத்துவிட்டார்கள். ஆனாலும் குடத்தில் நின்று பார்க்கும்போது பழைய ஏழும் தனியே தெரிகின்றன, கூட்டத்தில் உடன்பிறந்தவர்கள் தெரிவதுபோல.

ஏழாவது கூடத்துக்குள் நுழைந்ததும் யாழினி பேச்சை நிறுத்தினாள். இரண்டு அடுக்கு, மேலே வளைந்த கூரை, கூரையின் உச்சியிலிருந்து வரிசையாக இறங்கும் வெளிச்சம். தேவாலயத்தின் நடுக்கூடம் போலவே இருந்தது. அது தற்செயல் இல்லை. பெனிடென்ஷியரி என்ற சொல்லே மனம் வருந்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஃபிலடெல்ஃபியாவில் 1787இல், சிறைகளின் கொடுமையைத் தணிப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். குவேக்கர் சமயத்தவரின் சிந்தனை அதில் ஆழமாக ஊறியிருந்தது. சவுக்கடி வேண்டாம், கூட்டத்தில் தள்ளி அழுகவிட வேண்டாம், ஒரு மனிதனைத் தனியே விட்டால் அவன் மனச்சாட்சி அவனோடு பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் எத்தனை பேரின் மனத்தைச் சிதைத்தது என்று எண்ணும்போது எனக்கு நா எழவில்லை.

அறை ஏறத்தாழ 8 அடி அகலம், 12 அடி நீளம். 1829இல் அந்த அறையில் சூடேற்றும் வசதி இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறை இருந்தது. அப்போது வெள்ளை மாளிகையிலேயே குழாய்த் தண்ணீர் கிடையாது. கட்டி முடிக்க ஏறத்தாழ 7,80,000 டாலர் ஆயிற்று. அந்நாளில் அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த கட்டடங்களில் ஒன்று. ஏன் இவ்வளவு செலவு? கைதிக்கு வசதி செய்து தர அன்று. கழிப்பறைக்காகக்கூட அவன் வெளியே வரக் கூடாது, இன்னொரு முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு அறைக்கும் பின்னால் தனித்தனியே ஒரு சிறு முற்றம், அதைச் சுற்றிலும் சுவர். நாளுக்கு ஒரு மணி நேரம் அங்கே நிற்கலாம், அதுவும் பக்கத்து முற்றத்தில் ஆள் இல்லாதபோது.

ஓசையைத் துடைத்து எடுத்த விதம்தான் என்னைத் திகைக்க வைத்தது. காவலர்கள் காலணிக்கு மேல் காலுறையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். உணவு வண்டியின் சக்கரங்களுக்குத் தோல் சுற்றினார்கள். ஒருவனை அறைக்கு வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தால் தலைமேல் ஒரு முகமூடித் துணி. பெயர் கிடையாது, எண் மட்டும். இந்த எண் வரிசையில் முதல் எண்ணைப் பெற்றவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ், 18 வயதுக் கறுப்பின இளைஞர், விவசாயி. 20 டாலர் கடிகாரம் ஒன்று, 3 டாலர் தங்க முத்திரை ஒன்று, தங்கச் சாவி ஒன்று ஆகியவற்றைத் திருடியதற்கு இரண்டு ஆண்டுத் தண்டனை. அவர் வந்த நாள் 1829 அக்டோபர் 25. வாசிக்கத் தெரிந்தவர் என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறிப்பின்மேல் மனம் ஒட்டிக்கொண்டது. எழுதியவர் கடமைக்குத்தான் எழுதியிருப்பார். ஆனால் கையில் கிடைக்கப்போவது ஒரே ஒரு பைபிள் என்ற இடத்தில், வாசிக்கத் தெரியும் என்ற இரண்டு சொல் ஒரு மனிதனின் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

அறையின் கூரையில் ஒரு துளை. கண்ணாடி பதித்த சிறு வெளிச்சத் துளை. சுவரில் சாளரம் கிடையாது. கூரையிலிருந்து மட்டுமே வெளிச்சம். அதற்குக் கடவுளின் கண் என்று பெயர். மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கைதி நினைக்க வேண்டும். நண்பகல் கடந்து நாங்கள் எட்டிப் பார்த்த அறையில், அந்தத் துளை வழியே இறங்கிய வெயில் துருப்பிடித்த கட்டிலின் ஒரு காலில் விழுந்திருந்தது. பூச்சு உரிந்து சுருண்டு சுவரெங்கும் தொங்கியது, காய்ந்த வாழைச் சருகு போல. தூசி அந்த வெளிச்சக் கம்பத்துக்குள் மட்டும் உயிரோடு இருந்தது. சற்று நேரம் அசையாமல் நின்றால் வெளிச்சம் கட்டில் காலை விட்டு நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அந்த அறையில் இருந்தவனுக்கு அதுதான் கடிகாரம், அதுதான் துணை.

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1842இல் இங்கே வந்தார். வந்து, இந்தத் தனிமைத் தண்டனையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அவருடைய அமெரிக்கப் பயண நூலில் இந்தச் சிறைக்கென்றே ஒதுக்கிய பகுதியில் எனக்கு மறக்காத ஓர் ஆள் உண்டு. ஐந்து ஆண்டுத் தண்டனை பெற்ற ஒரு ஜெர்மானியர். நெய்வதற்குக் கொடுத்த நூலிலிருந்து சாயத்தை எடுத்து, சுவரிலும் கூரையிலும் ஓர் அங்குலம் விடாமல் வண்ணம் தீட்டியிருந்தாராம். பின்முற்றத்தின் சிறு நிலத்தை அத்தனை நேர்த்தியாகத் திருத்தி நடுவில் ஒரு பாத்தி கட்டியிருந்தார். அந்தப் பாத்தி ஒரு புதைகுழி போல இருந்தது என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார் டிக்கன்ஸ். நூலை ஊறவைத்து, சாயத்தைப் பிழிந்து, எதைக் கொண்டு தொட்டு வைத்திருப்பார்? விரலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க ஆளின்றி, பார்க்க ஆளின்றி வரைந்த ஓவியம். அச்சத்துக்கென்று கட்டிய ஒரு கட்டடத்துக்குள் இப்படி ஒரு மறுமொழி எழுந்திருக்கிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

தனிமை முறையை 1913இல் கைவிட்டார்கள். குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் 1929இல் வந்து சுமார் எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். அவருடைய அறையில் மேசையும் வானொலிப் பெட்டியும் இருந்ததாக அந்நாளைய செய்தித்தாள் எழுதியது. அந்த அறைக்கு முன்னால்தான் பகலிலும் கூட்டம். எனக்கு அங்கே நிற்க மனமில்லை. அந்த அறையில் எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது.

சிறை 1971இல் மூடப்பட்டது. அதன் பிறகான இருபது ஆண்டுகள் இந்தக் கதையில் மிக அழகான பகுதி. சுவருக்குள் மரங்கள் முளைத்தன, கூரைகள் இற்று விழுந்தன, பூனைகள் குடியேறின. அந்தப் பூனைகளுக்கு ஒரு மனிதர் இருபது ஆண்டுக்கு மேலாக விடாமல் வந்து சோறு வைத்தார். பூனைக் கூட்டம் அருகிப் போன பிறகு, ஒரு சிற்பி அவற்றின் நினைவாக வெள்ளைப் பூனை உருவங்களைச் செய்து ஆங்காங்கே வைத்தார், பேய்ப் பூனைகள் என்ற பெயரில். இந்த வளாகத்தில் யாரும் அஞ்சாத பேய்கள் அவைதாம்.

பொதுமக்கள் சுற்றிப் பார்க்க 1994இல் கதவு திறந்தது. தொடக்கத்தில் தலைக்கவசம் மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். புதுப்பிக்கவில்லை, இடிந்தது இடிந்தபடி, மேலும் இடியாமல் நிறுத்திவைப்பது என்று முடிவெடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த முடிவு ஒரு கலைஞனின் முடிவு. உரிந்த பூச்சை உரிந்தபடியே காப்பாற்றுவது புதிதாகப் பூசுவதைவிடக் கடினம், செலவும் அதிகம். அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பேய்களிடமிருந்து. அக்டோபரில் வரும் பேய்க் கொண்டாட்டமான ஹாலோவீன் கால நிகழ்ச்சி 1991லேயே நிதி திரட்டத் தொடங்கியது. 'சுவர்களுக்குப் பின்னே பயங்கரம்' என்ற பெயரில் பல ஆண்டுகள் நடந்து, 2021இல் 'ஹாலோவீன் இரவுகள்' என்று பெயர் மாறியது. இந்தச் சிதிலத்தின் கூரைகள் நின்றதற்கு அந்த வருமானம் பெரிய துணை. கேளிக்கையா என்ற கேள்விக்கு என் பதிலின் பாதி இது. மற்ற பாதியை இரவில்தான் கண்டேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது தெருவே வேறாக இருந்தது. முகப்பின் மேல் செந்நிற விளக்கு. வாசலின் இருபுறமும் சங்கிலியால் பிணித்த இரண்டு சிறகு முளைத்த மிருகங்கள், நகம் நீட்டிக் குந்தியிருந்தன. ஹாவிலண்ட் செய்தவை அல்ல; ஹாலோவீனுக்காகப் பிற்காலத்தில் செய்து வைத்தவை. கல் போலவே தோற்றம். அருகே போய்ப் பார்த்தேன். சங்கிலி கழுத்தில் உரசும் இடத்தில் நிறத்தைச் சற்று மங்கவிட்டிருந்தார்கள், நெடுங்காலம் இழுத்து இழுத்துத் தேய்ந்ததுபோல. தெருவில் வரிசையில் நிற்கிற யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. ஆனாலும் செய்தவரின் கை அங்கே ஓய்வெடுக்கவில்லை.

விலங்கிட்ட விலங்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். மிருகத்துக்கும் தளைக்கும் தமிழில் ஒரே சொல். அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது அது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயுமாகிய வருத்தும் சக்தி, மிருகம், திருடர், ஆளும் அரசன். மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தபோது இது வெறும் பட்டியல். ஃபேர்மவுண்ட் அவென்யூவின் குளிரில், ஒரு சிறைவாசலில், பேய் பார்க்க வரிசையில் நிற்கும்போது அந்த நான்கும் ஒரே கூரைக்குக் கீழ் வந்து கூடிவிட்டதாகப் பட்டது. அணங்குகள் உள்ளே காத்திருக்கின்றன. விலங்குகள் வாசலில். கள்வர்களுக்காகக் கட்டிய வீடு இது. நான்காவதாகிய இறை எங்கே?

யோசிக்க நேரமில்லை. நுழைவில் ஒளிரும் கழுத்து வளையம் வேண்டுமா என்று கேட்டார்கள். அணிந்தால், உள்ளே இருப்பவர்கள் நம்மைத் தொடலாம், இழுக்கலாம், கூட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோகலாம். அணியாவிட்டால் விரல் நுனிகூடப் படாது. யாழினி உடனே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு வேணாமா பெரியம்மா?"

"நான் வெறும் பார்வையாளிடா கண்ணு."

அந்த வளையத்தை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன். அச்சத்துக்கு அனுமதி கேட்கிறார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். கழற்றிவிட்டால் விட்டுவிடுகிறார்கள். இதே வாசலில், முகத்தை மூடி உள்ளே நடத்திப் போன அந்த 18 வயது இளைஞரிடம் கேட்காததையெல்லாம் ஒரு சிறு ஒளிவளையமாகச் செய்து நம் கழுத்தில் போடுகிறார்கள்.

உள்ளே நான் பார்த்த பேய் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனை உலகம் இருந்தது. சிறைக் கைதியைப் பேயாக்கி ஆடியதை எங்கும் காணவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. இங்கே வதைபட்டவர்களின் முகத்தை முகமூடியாகச் செய்து விற்றிருந்தால் நான் பாதியிலேயே திரும்பியிருப்பேன். கேளிக்கையா என்ற கேள்விக்கு என் பதிலின் மற்ற பாதி இதுதான்.

இனி அந்தக் கலைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் இருண்ட வளைவில், இடதுபுறம் ஒரு தொட்டிலில் பொம்மை தலையைத் திருப்பியது. எல்லோரும் இடப்பக்கம் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் மூச்சை விட்டது. அந்த மூச்சு பாதி வெளியேறிய இடத்தில், வலப்பக்கச் சுவரில் ஒரு பலகை தடாரென்று இறங்கி ஒரு முகம் வந்தது. சங்கீதம் கேட்பவர்களுக்கு இது புரியும். தாளம் தொடங்கும் சமத்தில் எடுத்திருந்தால் சாதாரணம். அரை இடம் தள்ளி எடுத்தார்கள். அந்த அரை இடத்தில்தான் வித்தை. அதைவிட நுணுக்கமான ஒன்றையும் கவனித்தேன். அந்த முகம் எப்போதும் நமக்குப் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான் வந்தது. எதிரே வந்தால் கூட்டம் பின்வாங்கி முட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வந்தால் முன்னே ஓடும். பயமுறுத்தி முன்னே செலுத்து என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நூறு நூறு பேர் ஓர் இரவில் இந்த ஒடுங்கிய வழிகளில் முட்டாமல் மோதாமல் நகர்வது அந்தப் பாடத்தால். மேய்ப்பன் ஆட்டை ஓட்டுவதுபோல அச்சத்தால் ஓட்டுகிறார்கள், ஒரு காலும் சுளுக்காமல்.

வெளிமுற்றத்தில் ஒருவன் சறுக்கி வந்தான். முழங்காலிலும் கையுறை நுனியிலும் உலோகத் தகடு. ஓடி வந்து, தரையில் விழுந்து, பத்தடி தூரம் பொறி பறக்கச் சறுக்கி, ஓர் இளம்பெண்ணின் காலணிக்கு ஒரு சாண் முன்னால் நின்றான். ஒரு சாண். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூடப் போகவில்லை. தரையின் வழவழப்பு, தன் எடை, அவள் எந்தப் பக்கம் குதிப்பாள் என்ற ஊகம், எல்லாம் அந்த ஒரு சாணில் இருந்தன. நின்ற பிறகு அவன் ஒன்றும் செய்யவில்லை. கத்தவில்லை, கையை நீட்டவில்லை. தலையை மட்டும் மெல்ல நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பிறகு ஆர்வம் போய்விட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு புகைக்குள் நடந்து மறைந்தான். அந்த அலட்சியத்துக்காகவே அவனுக்குக் கைதட்டியிருக்க வேண்டும். எனக்குக் கை எழவில்லை, கழுத்துத் துண்டை இறுகப் பிடித்திருந்தேன்.

சங்கிலி ரம்பம் பிடித்து ஓடி வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சங்கிலியைக் கழற்றிய வெறும் எந்திரம்தான், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அது காதை அடிக்கிறது, மனத்தைத் தொடுவதில்லை.

மனத்தைத் தொட்டது வேறோர் அறை. முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். கறுப்புச் சுவர் முழுக்க ஒளிரும் வண்ணப் புள்ளிகள். அந்தக் கண்ணாடி வழியே சிவப்பு முன்னே மிதக்கிறது, நீலம் பின்னே ஆழ்கிறது. சுவர் எங்கே தொடங்குகிறது என்று கைநீட்டினாலொழியத் தெரியாது. புள்ளி வைத்துவிட்டுக் கோடு இழுக்காமல் போன மார்கழி வாசல் போல இருந்தது. அழகு என்று நினைத்து நின்றேன். அப்போது சில புள்ளிகள் மட்டும் மற்றவற்றை விட்டுப் பிரிந்து என்னை நோக்கி ஓரடி வந்தன. புள்ளியிட்ட கறுப்பு உடையில், புள்ளியிட்ட சுவரோடு சுவராக ஒருவர் நின்றிருக்கிறார். சத்தமில்லை. ஓரடி, அவ்வளவே. நான் அலறினேன். அன்றிரவு நான் அலறியது அங்கே மட்டும்தான். நெடுநேரம் அசையாமல் நிற்கப் பழகிய ஓர் உடம்பின் முன்னால், அத்தனை எந்திரமும் தோற்றன.

யாழினியை இதற்குள் இரண்டு முறை கூட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு சுவருக்குள் அவள் மறைவதும், நாலு அறை தாண்டி வேறொரு துளையிலிருந்து சிரித்துக்கொண்டே தவழ்ந்து வெளியே வருவதுமாக இருந்தாள். "எங்க கொண்டுபோனாங்க?" என்று கேட்டால், "சொல்லக் கூடாது பெரியம்மா" என்றாள். கன்னம் சிவந்திருந்தது. ஐந்து வயதில் தாழ்வாரத்து இருட்டுக்குப் பயந்து என் புடவைக்குள் ஒளிந்தவள்.

எல்லாம் முடிந்த பிறகு, கையில் டார்ச் ஏந்திப் பழைய மருத்துவக் கூடத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். அங்கே நடிகர்கள் இல்லை, இசை இல்லை. அறுவைச் சிகிச்சை அறையில் கூரையிலிருந்து தொங்கிய விளக்கின் எலும்புக்கூட்டை டார்ச் வெளிச்சம் சுவரில் பெரிதாக்கிக் காட்டியது. வழிகாட்டிய இளைஞர் தணிந்த குரலில் பேசினார். யாரும் சொல்லாமலே எல்லோரும் அடியை மெல்ல வைத்தோம். அந்த நடையைக் கேட்டதும் காலணிமேல் காலுறை மாட்டிய காவலர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அங்கேதான் நான்காவது அச்சம் எங்கே என்று விளங்கியது. அணங்கை ஆடலாம், விலங்கை வார்க்கலாம், கள்வனுக்கு வேடம் கட்டலாம். இறையை எப்படி ஆடுவது? அவன் முன்னால் பாய்வதில்லை, பின்னாலிருந்து கத்துவதில்லை. அவன் சுவரை எங்கே எழுப்புவது என்று தீர்மானிக்கிறான். துளையை எத்தனை அங்குலம் விடுவது, உன்னை எந்த எண்ணால் அழைப்பது, எத்தனை ஆண்டு என்று தீர்மானிக்கிறான். தமிழில் இறை என்றால் அரசனும்தான், ஆண்டவனும்தான். இரண்டு பொருளையும் சேர்த்து ஹாவிலண்ட் கூரையில் ஒரு துளையாக வைத்துவிட்டார். ஆண்டவனின் கண் என்று சொல்லி அரசின் தண்டனையை அதற்குள் உட்கார்த்திய கைத்திறன். பேய் வீட்டுக்காரர்கள் அந்தப் பாத்திரத்தைத் தொடாமல் விட்டது அவர்களின் அடக்கம்.

வெளியேறும் வழியில், பகலில் பார்த்ததைப் போன்ற ஓர் அறைக்குள் இருவரும் நுழைந்தோம். தூரத்தில் அலறல்களும் சிரிப்புகளும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவன் குரல் அடுத்தவனுக்கு எட்டக் கூடாது என்று கனமாகக் கட்டிய சுவர்கள். கதவு பெயர்ந்து, கூரை பொத்துப் போய், இப்போது எல்லாக் குரலும் எட்டுகிறது.

யாழினியின் கழுத்து வளையம் அறை முழுக்க மங்கலான சிவப்பைப் பூசியிருந்தது. நான் அண்ணாந்து துளையைத் தேடினேன், கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவளும் அண்ணாந்தாள். ஒன்றும் பேசாமல் வளையத்தைக் கழற்றி இரு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள். அறை இருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, தலைக்கு மேலே, கையகலத்துக்கு வானம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.